புண்ணும் இல்லை, வலியும் இல்லை, ஆனால் கால் வீங்குகிறது

சர்க்கரை உள்ள ஒருவருக்கு ஒரு கால் மட்டும் வீங்குகிறது. தொட்டால் சுடுகிறது, சிவந்திருக்கிறது. புண் எதுவும் கிடையாது, வலியும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. எனக்கு வந்த இதற்குச் சார்கோ பாதம் என்று பெயர். அந்தப் பெயரை எனக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைப்பதற்குள் இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் என் இடது பாதத்தின் நடு எலும்புகள் உடைந்து இடம் மாறிவிட்டன. கையை விட்டுப் போன பணம் இரண்டரை லட்சத்துக்குக் குறையாது. சம்பளம் இல்லாத விடுப்பு தனிக்கணக்கு. தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரி இருக்கிற மும்பையில் இப்படி ஆனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை தூரம் போயிருக்காது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எனக்கு வயது 54. வீடு செம்பூரில், வேலை ஃபோர்ட்டில் ஒரு சரக்கு ஏஜென்சியின் கணக்குப் பிரிவில். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். மகள் கோயம்புத்தூரில், அவளுக்குக் கைக்குழந்தை. ஆக வீட்டில் நான் மட்டும்தான். சர்க்கரை வந்து 14 வருஷம் ஆகிறது. நடுவில் சில வருஷம் ராத்திரியானால் உள்ளங்கால் எரியும், போர்வை பட்டாலே தாங்காது. அப்புறம் அந்த எரிச்சல் தானாகவே குறைந்து நின்றும்போனது. எரிச்சல் நின்றால் நரம்பு சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, உணர்ச்சியே போய்க்கொண்டிருக்கலாம் என்பதை எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போவேன். ரிப்போர்ட்டைப் பார்ப்பார், பிரஷர் பார்ப்பார், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.4 என்றால் "பரவாயில்லையே" என்பார், மாத்திரையை எழுதித் தருவார். செருப்பைக் கழற்றுங்கள், காலைப் பார்க்கலாம் என்று அத்தனை வருஷத்தில் ஒரு பேச்சு வந்ததில்லை. உங்களுக்கோ உங்கள் அப்பா அம்மாவுக்கோ சர்க்கரை இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நீங்களே காலைக் காட்டி, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டிய பரிசோதனை அது, சில நிமிஷ வேலைதான்.

ஜூலை மாதம், நல்ல மழை. செம்பூர் ஸ்டேஷன் பாலத்துப் படியில் இடது கால் லேசாகப் பிசகியது. விழவில்லை, வலிக்கவும் இல்லை, வந்த ஹார்பர் லைன் வண்டியை அப்படியே ஏறிப் பிடித்தேன். சில நாள் கழித்து, அந்தக் கால் மெட்டி இறுகிப்போய்த் திருப்பினால் திரும்பவில்லை. செருப்பு வார் பதிந்த தடம் காலையில் எழுந்தபோதும் மறையாமல் இருந்தது. சோப்பு, எண்ணெய் எல்லாம் போட்டும் மெட்டி கழலவில்லை. கடைசியில் நகைக்கடையில் வெட்டித்தான் எடுத்தார்கள். அந்தக் கடைக்காரர்தான் முதலில் சொன்னார், "அக்கா, இந்தக் கால் மட்டும் ஏன் இப்படிச் சுடுது?" வீட்டுக்கு வந்து இரண்டு காலையும் தொட்டுப் பார்த்தேன். வலது கால் சாதாரணமாக இருந்தது, இடது கால் கொதித்தது. மெட்டி பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கால் மரத்துப்போனவர்கள் போடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். போட்டால் தளர்வாகப் போடுங்கள், ராத்திரி கழற்றிவைத்து அடியில் தோல் வெந்திருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். மெட்டிக்கடியில் புண் வந்தால் வலி சொல்லாது.

தெருமுனை டாக்டர் பார்த்ததும் தோலுக்கடியில் கிருமித்தொற்று, செல்லுலைட்டிஸ் என்றார். ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஒரு வாரம். குறையவில்லை என்றதும் வேறு மாத்திரை இன்னொரு வாரம். அடுத்து எலும்பு டாக்டர். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார். ரத்தத்தில் யூரிக் அமிலம் கொஞ்சம் கூட இருந்ததால் கவுட், அதாவது யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கம் என்று முடிவுசெய்து அதற்கு மாத்திரை கொடுத்தார். "நல்லா நடங்கம்மா, நடந்தாத்தான் வீக்கம் வடியும்" என்றார். நானும் நடந்தேன். ஸ்டேஷன் வரைக்கும் நடை, பாலம் ஏறி இறங்குவது, லேடீஸ் கம்பார்ட்மென்டில் நின்றுகொண்டே போவது, சிஎஸ்எம்டியிலிருந்து ஆபீஸ் வரைக்கும் மறுபடி நடை. இடையில் யாரோ ரத்தக்கட்டி இருக்கலாம் என்று பயமுறுத்த, காலின் ரத்தக்குழாயைப் பார்க்கும் சிரை டாப்ளர் ஸ்கேனும் எடுத்தேன். அதுவும் நார்மல். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்று வர வர எனக்குப் பயம்தான் கூடியது. எல்லாம் நார்மல் என்றால் இந்தக் கால் ஏன் இப்படி இருக்கிறது?

அப்புறம் நர்சிங் ஹோமில் சேரச் சொன்னார்கள். ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றினால்தான் கேட்கும் என்றார்கள். பில் எண்பதாயிரத்தைத் தாண்டியது, இன்ஷூரன்ஸ் அதில் ஒரு பகுதியைத்தான் கொடுத்தது. ஆனால் அங்கே இருந்தபோது வீக்கம் நன்றாக வடிந்தது, சூடும் குறைந்தது. "மருந்து வேலை செய்யுது" என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், மஸ்கட்டுக்கு ஃபோன் போட்டு அழுதேன். வீட்டுக்கு வந்து ஆபீசுக்குக் கிளம்பினேன். இரண்டே நாளில் பழைய வீக்கம், பழைய சூடு. இந்த இடத்தைத்தான் படிப்பவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வீக்கம் வடிந்தது மருந்தால் இல்லை, நான் படுக்கையில் இருந்ததால், காலில் எடை விழாததால். பிற்பாடு கால் கிளினிக்கில் டாக்டர் சொன்னபோதுதான் புரிந்தது. படுத்தால் குறைந்து நடந்தால் கூடுகிற வீக்கம், ஜுரம் கிடையாது, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடவில்லை, அழற்சியைக் காட்டும் சிஆர்பி நார்மல், காலில் புண்ணோ வெடிப்போ இல்லை. இத்தனையும் சேர்ந்திருந்தால் கிருமி இல்லாமலும் இருக்கலாம் என்று யோசிக்க வேண்டும். புண் இருந்தால், ஜுரம் இருந்தால் ஆன்டிபயாட்டிக் கட்டாயம் வேண்டும், அதை நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. வாசலே இல்லாத காலில் கிருமி எந்த வழியாக உள்ளே வந்தது என்று டாக்டரிடம் கேட்கிற உரிமை நமக்கு உண்டு என்றுதான் சொல்கிறேன்.

செப்டம்பரில் ஒரு காலை, குளித்துவிட்டு வெளியே வரும்போது தரையில் ஈரப் பாதத் தடம் விழுந்தது. வலது கால் தடத்தில் உள்வளைவு தெரிந்தது. இடது கால் தடம் முழுசாகத் தட்டையாக இருந்தது. நடக்கும்போது உள்ளே ஏதோ நறநறவென்று உரசுகிற உணர்வு. அப்போதும் வலி பெரிதாக இல்லை. எலும்பு உடைந்த காலோடு நான் சமைத்திருக்கிறேன், துணி காயப்போட்டிருக்கிறேன், மூன்று மாடி ஏறி இறங்கியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. ஆபீசில் கூட வேலை பார்க்கும் பெண்ணின் மாமனாருக்குச் சர்க்கரையால் விரல் எடுத்திருந்தார்கள். அவள்தான் பார்த்துவிட்டு, "பொது டாக்டர், எலும்பு டாக்டர் எல்லாம் போதும் அக்கா, சர்க்கரைக் காலுக்கென்றே தனியாக டிபார்ட்மென்ட் இருக்கு, நாளைக்கே போங்க" என்று பிடிவாதமாகச் சொன்னாள். அப்படி ஒரு டிபார்ட்மென்ட் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

தாதர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் அந்தக் கிளினிக். அங்கே நடந்த பரிசோதனையை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்கே போனாலும் இதெல்லாம் செய்கிறார்களா என்று நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். முதலில் கண்ணை மூடச் சொல்லி, மோனோஃபிலமென்ட் என்கிற நைலான் இழையை உள்ளங்காலில் பல இடங்களில் அழுத்தினார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. பட்டால் சொல்லுங்கள் என்றார்கள். நான் சொல்லவே இல்லை, அழுத்தி முடித்துவிட்டார்கள் என்பதே தெரியவில்லை. அடுத்து 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கை அதிரவைத்துக் கட்டைவிரல் எலும்பில் வைத்தார்கள். அப்புறம் பயோதீசியோமீட்டர், அதிர்வை வோல்ட் கணக்கில் கூட்டிக்கொண்டே போய் எந்த அளவில் நமக்குத் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளும் கருவி. 25 வோல்ட்டுக்கு மேல் போனால் புண் வரும் ஆபத்து அதிகம் என்கிறார்கள். என் இடது கால் அதையெல்லாம் தாண்டிவிட்டது. பிறகு ரத்த ஓட்டம். கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்துப் பார்க்கிறார்கள். 0.9க்குக் கீழே வந்தால் காலுக்கு ரத்தம் குறைவு. 1.3க்கு மேலே போனால் அதுவும் நல்லதில்லை, சர்க்கரைக்காரர்களுக்கு ரத்தக்குழாய் சுவர் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போவதால் அளவு பொய்யாக ஏறும், அப்போது விரலில் தனியாகப் பிரஷர் பார்க்க வேண்டும். எனக்கு ரத்த ஓட்டம் நன்றாகவே இருந்தது. கடைசியாக ஒரு வெப்பமானி. இரண்டு பாதத்திலும் ஒரே இடங்களில் வைத்துப் பார்த்ததில் இடது கால் நாலு டிகிரி கூட. அப்புறம் என்னைப் படுக்கவைத்துக் காலைப் பத்து நிமிஷம் உயரத் தூக்கி வைத்தார்கள். சிவப்பு வெளிறிப்போனது. கிருமித்தொற்றுச் சிவப்பு பெரும்பாலும் அப்படி மறையாது என்றார் டாக்டர்.

நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்னால் எடுத்ததெல்லாம் படுக்கவைத்து எடுத்தது. உடல் எடை பாதத்தில் விழும்போது எடுத்தால்தான் எலும்பு விலகியிருப்பது தெரியுமாம். பிறகு எம்.ஆர்.ஐ., எட்டாயிரம் ரூபாய். அன்று சாயங்காலம்தான் அந்தப் பெயரைக் கேட்டேன், சார்கோ பாதம். பிரெஞ்சு நரம்பியல் டாக்டர் சார்கோ 1868இல் வேறொரு நரம்பு நோயில் மூட்டுகள் இப்படி அழிவதை எழுதிவைத்தாராம். சர்க்கரை நோயிலும் இது வருகிறது என்பது 1936இலேயே பதிவாகிவிட்டது. ஆக இது நேற்று வந்த நோய் இல்லை. நரம்பு கெட்டதால் வலி தெரியாது. ஒரு சின்னப் பிசகல் போதும், உள்ளே அழற்சி கிளம்பும். வலி தெரியாததால் நாம் நடந்துகொண்டே இருப்போம், அழற்சி அடங்காது, எலும்பைக் கரைக்கும் அணுக்கள் தூண்டப்பட்டு எலும்பு மிருதுவாகும். "தண்ணியில ஊறின பிஸ்கெட் மாதிரி இருக்குங்க இப்போ, அது மேல நீங்க அறுபத்தெட்டு கிலோவை வெச்சு நடந்திருக்கீங்க" என்றார் டாக்டர். அவர் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரே நார்மலாகத்தான் தெரியும், அந்தக் கட்டத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் பிடித்துவிடலாம், அப்போதே காலில் எடை விழாமல் கட்டியிருந்தால் பாதத்தின் உள்வளைவு தட்டையாகியிருக்காது என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அழுகைகூட வரவில்லை.

மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காலுக்கு ஓய்வுதான் வைத்தியம், அதையும் நம்மை நம்பி விடுவதில்லை. முழங்காலுக்குக் கீழிருந்து விரல் வரை, காலோடு ஒட்டினாற்போல ஃபைபர் கட்டு ஒன்று போடுகிறார்கள். டோட்டல் காண்டாக்ட் காஸ்ட் என்று பெயர், எடையைப் பாதம் முழுக்கவும் கெண்டைக்காலுக்கும் பரப்பிவிடும். நாமாகக் கழற்ற முடியாது என்பதுதான் அதன் சிறப்பே. வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்துவிடும், தளர்ந்த கட்டு உரசிப் புண்ணாக்கும், ஆகவே முதல் கட்டைச் சில நாளிலேயே மாற்றினார்கள். பிறகு வாரம் ஒன்று, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாயிரம் ரூபாய் பக்கம். ஏப்ரலில்தான் கட்டு ஒரேயடியாகக் கழன்றது. கட்டு போட்டவர்கள் கவனிக்க வேண்டியதை அங்கே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள், அதில் முக்கியமானது இதுதான்: கட்டிலிருந்து வாடை வந்தால், ஈரக் கறை தெரிந்தால், ஜுரம் வந்தால், காரணமில்லாமல் சுகர் ஏறினால், கட்டு மேலும் கீழும் ஆடினால், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். உள்ளே புண்ணானால் நமக்குத் தெரியாது. கட்டுப் போட்ட கால் உயரமாகிவிடுவதால் இடுப்பும் முதுகும் பிடித்துக்கொள்ளும். மற்றக் காலின் செருப்புக்கு அடியில் அந்த உயரத்துக்கு ஒரு தகடு ஒட்டித் தரச் சொல்லுங்கள். எனக்கு இது தாமதமாகத்தான் கிடைத்தது, அதற்குள் முதுகு வலிக்குத் தனியாகப் பிசியோதெரபி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. கிளினிக் நாளன்று மட்டும் உட்கார்ந்தபடியே படி படியாக இறங்குவேன். வாட்ச்மேன் வாக்கரை எடுத்துக்கொண்டு கூட வருவார். ஆட்டோ சயான் வரைக்கும்தான் விடுவார்கள், அதற்கப்புறம் டாக்ஸி. கட்டுக்காலோடு சயானில் இறங்கி டாக்ஸி பிடிக்க முடியாமல், வீட்டிலிருந்தே கார் பேசிப் போனதில் மட்டும் முப்பதாயிரம் ரூபாய் போயிருக்கும். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள், புருஷன், எல்லாரும் வீடியோவில் பார்த்துக் கவலைப்பட முடியும், ஒரு டம்ளர் காபியை அடுப்படியிலிருந்து ஹாலுக்குக் கொண்டுவர முடியாது. இரண்டு கையும் வாக்கரில் இருக்கும்போது காபியை எதில் தூக்குவது? ஃபிளாஸ்க்கில் ஊற்றித் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். சில ராத்திரி, காலை எடுத்துவிடுவார்களோ என்று நினைத்துக்கொண்டே விடியும்வரை முழித்திருந்தேன். மகள் வருகிறேன் என்றாள், குழந்தையை வைத்துக்கொண்டு வராதே என்று நான்தான் தடுத்தேன். தனியாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது, கட்டு போடும் நாளுக்கு முன்னாலேயே சாப்பாட்டுக்கு டப்பாக்காரர், குளியலறையில் பிடிமானக் கம்பி, உட்கார்ந்து குளிக்க பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு சாவி பக்கத்து வீட்டில், இந்த நாலையும் ஏற்பாடு செய்துவிடுங்கள். கட்டு நனையக்கூடாது, மழைக்காலமானால் பெரிய பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பட்டையும் வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒன்று. மெடிக்ளெய்மில் பொதுவாக 24 மணி நேரம் படுத்தால்தான் பணம், அல்லது பாலிசியின் டே கேர் பட்டியலில் அந்தச் சிகிச்சை இருக்க வேண்டும். எனக்கு ஓ.பி.யில் போட்ட ஒரு கட்டுக்கும் பைசா வரவில்லை. தேவையில்லாமல் படுத்த நர்சிங் ஹோமுக்கு வந்தது, காலைக் காப்பாற்றிய கட்டுக்கு வரவில்லை. உங்கள் பாலிசியில் ஓ.பி. செலவு உண்டா, ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு முன்பின் செய்யும் பரிசோதனைகளுக்கு எத்தனை நாள் கணக்கு என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். பில்களில் நோயின் பெயரை முழுசாக எழுதச் சொல்லுங்கள், வெறும் "கால் வீக்கம்" என்று எழுதினால் பிறகு வாதாட முடியாது.

இடது காலுக்கு ஓய்வு கொடுத்தால் எடை முழுக்க வலது காலுக்குப் போகும். அதன் பெருவிரல் அடியில் எனக்கு ஏற்கெனவே ஒரு காய்ப்பு இருந்தது, அது தடித்து நடுவில் கருஞ்சிவப்பாகிவிட்டது. காய்ப்புக்குள் ரத்தம் கட்டியிருந்தால் அடியில் புண் தொடங்கியிருக்கலாம் என்று அர்த்தமாம். கிளினிக்கில் கால் பராமரிப்பு செய்யும் பெண் சர்ஜிக்கல் பிளேடால் அந்தக் காய்ப்பைப் படலம் படலமாகச் சீவி எடுத்தாள். அழுத்தம் சட்டென்று குறைந்தது. அவர்கள் செய்கிற வேலையைப் பார்த்த பிறகுதான் இது அழகுநிலைய வேலை இல்லை என்பது எனக்கு விளங்கியது. கிருமி நீக்கிய கருவி, ஒவ்வொருவருக்கும் புது பிளேடு. நகத்தை நேராக வெட்டுவார்கள், மூலையை உள்ளே தோண்டமாட்டார்கள். தடித்த நகத்தைத் தேய்த்து மெலிதாக்குவார்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு தடவைக்கு 600 முதல் 800 ரூபாய் கொடுக்கிறேன். பார்லரில் பெடிக்யூருக்கு அதைவிடக் கூட வாங்குகிறார்கள், வெந்நீரில் ஊறவைத்து, எல்லாருக்கும் தேய்க்கிற அதே கல்லால் தேய்த்து, நக ஓரத்துத் தோலையும் வெட்டுகிறார்கள். உணர்ச்சி போன காலோடு அங்கே போகவே போகாதீர்கள். மருந்துக்கடையில் கால் ஆணிக்கு விற்கிற பிளாஸ்டரும் வேண்டாம். அதில் இருக்கிற சாலிசிலிக் அமிலம் ஆணியையும் அரிக்கும், பக்கத்து நல்ல தோலையும் அரிக்கும், வலிக்காததால் நமக்குத் தெரியாது. வெந்நீர் ஒத்தடம், ஹாட் வாட்டர் பேக், இரண்டும் அப்படித்தான். கிரீம் தினமும் தடவுங்கள், விரலிடுக்கில் மட்டும் தடவாதீர்கள், அங்கே ஈரம் நின்றால் பூஞ்சை வரும்.

செருப்பு பெரிய விஷயம். எம்.சி.ஆர். என்று சொல்கிற மிருதுவான ரப்பர் அடி வைத்த செருப்பு நம்மூரில் தொழுநோயாளிகளுக்காகப் புழக்கத்துக்கு வந்தது. கொல்லிமலையில் பிறந்து வேலூர் சி.எம்.சி.யில் வேலை பார்த்த பால் பிராண்ட் என்கிற டாக்டர், தொழுநோயாளிகளின் காலில் புண் வருவது கிருமி தின்பதால் இல்லை, வலி தெரியாமல் அதே இடத்தில் அழுத்தி அழுத்தி நடப்பதால்தான் என்று காட்டினார். அவர்களுக்குக் கட்டுப் போட்டே புண்ணை ஆற்றினார். அதே பாடம்தான் இன்றைக்குச் சர்க்கரைக்காரர்களின் காலுக்கும் உதவுகிறது. நம் ஊர்ப்பக்கம் இருந்து கிளம்பிய வைத்தியம் அது, எனக்கு வந்து சேரத்தான் இவ்வளவு நாள் ஆனது. கடையில் எம்.சி.ஆர். என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பின்வார் இருக்கிறதா, விரலிடுக்கில் வார் இல்லாமல் இருக்கிறதா, அடிப்பகுதி வளையாமல் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு உள்வளைவு தட்டையாகிப்போன பாதம், நடுவில் சின்னப் புடைப்பு. அதனால் பாதத்தின் அச்சு எடுத்துத் தனியாகச் செய்தார்கள், ஏழாயிரத்து ஐநூறு ரூபாய். அளவு சாயங்காலம் கொடுங்கள், அப்போதுதான் வீக்கம் சேர்ந்த உண்மையான அளவு கிடைக்கும். புதுசை முதல் வாரம் ஒரு மணி, இரண்டு மணி நேரம் போட்டுக் கழற்றி, சிவந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே நாள் முழுக்கப் போட வேண்டும்.

நம் வீடுகளில் உள்ளே செருப்புப் போடுவதில்லை. எனக்கும் மனசு ஒப்பவில்லை. இப்போது வீட்டுக்கென்றே ஒரு ஜோடி, அது வாசல்படி தாண்டாது. பூஜை அறையில் நாற்காலியில் உட்கார்ந்து கழற்றிவிட்டு, முடிந்ததும் அங்கேயே மாட்டிக்கொள்கிறேன். சேடா நகர் முருகன் கோயில் படி ஏறுவதை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார், அது எனக்குப் பெரிய குறைதான். வெயிலில் சுடுகிற கோயில் தரையில் கால் வெந்து வருகிறவர்கள் கிளினிக்குக்கு வருஷா வருஷம் வருகிறார்களாம். போவதென்றால் வெயில் ஏறுமுன் போங்கள், தடித்த காலுறை போட்டுக்கொண்டு, வந்ததும் கால் பாருங்கள்.

கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய அந்த வெப்பமானித் துப்பாக்கி வீட்டில் கிடந்தால் தூக்கிப்போடாதீர்கள். அதில் உடம்பு, பொருள் என்று இரண்டு முறை இருந்தால் பொருள் என்பதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு பத்துப் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, இரண்டு பாதத்திலும் ஒரே இடங்களில் அளந்து எழுதிவையுங்கள். ஒரு பக்கம் மட்டும் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடுதலாக இரண்டு நாள் தொடர்ந்தால், நடையைக் குறைத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஃபோன் செய்ய வேண்டும். நான் தினமும் ராத்திரி பார்க்கிறேன். ஒரு தடவை இடுப்பு வலிக்கு நாலைந்து நாள் வேறு மாதிரி நடந்தபோது வலது கால் ஏறியது. உடனே ஓய்வெடுத்தேன், இறங்கிவிட்டது. எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை கிளினிக்கில் காட்டுவது என்பதற்குப் பன்னாட்டு வழிகாட்டுதல் உண்டு. உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் சரியாக இருந்தால் வருஷத்துக்கு ஒரு முறை, உணர்ச்சி மட்டும் போயிருந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள், கூடவே பாதத்தின் வடிவமும் மாறியிருந்தால் மூன்று முதல் ஆறு மாதம், முன்பு புண் வந்தவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதம். என்னை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கால் பராமரிப்பு என்று போர்டு வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் இல்லை. போகுமுன் ஃபோனில் கேளுங்கள்: உணர்ச்சிப் பரிசோதனையும் ரத்த ஓட்டப் பரிசோதனையும் அங்கேயே செய்வீர்களா? டோட்டல் காண்டாக்ட் காஸ்ட் போடுவீர்களா? ரத்தக்குழாய் சர்ஜன் உங்களோடு இருக்கிறாரா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் போகலாம். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் பெரிய அரசு, மாநகராட்சி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் சர்ஜரி ஓ.பி.யில் போய்ச் சர்க்கரைக் கால் என்று சொல்லிக் கேளுங்கள். மருந்துச் சீட்டுகள், பழைய எக்ஸ்ரே, வீக்கம் இருந்த நாளில் எடுத்த ஃபோட்டோ எல்லாம் கையில் இருக்கட்டும். தினமும் போடுகிற பழைய செருப்பையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். அதன் அடி எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் என் காலைத் தொடுமுன்பே அந்தப் பெண் காய்ப்பு எங்கே இருக்கும் என்று சொன்னாள்.